புகையை வேலை வாங்கியவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சாலையோரம் சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும், டர்போ என்ற சொல்லைப் பத்துத் தடவையாவது படித்துவிடலாம். கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறத்திலும், சீசனுக்குக் குற்றாலம் வரும் கார்களின் பின்கதவிலும் அச்சொல் எழுதப்பட்டிருக்கிறது. வேகம் என்பதற்கு மறுபெயராகவே அது நம் வழக்கில் கலந்துவிட்டது. விறுவிறுவென்று நடப்பவனைக்கூட டர்போ வைத்திருக்கிறான் என்று நம் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அச்சொல்லுக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார் என்பதையும், அவர் அதற்காக இருபது ஆண்டுகள் போராடினார் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? டீசல் என்பவரை அறிவோம். எண்ணெய்க்கே அவர் பெயர்தான். அந்த டீசலின் எஞ்சினுக்கு நெஞ்சு நிறைய மூச்சுக் கொடுத்தவர் ஆல்ஃப்ரெட் பியூச்சி. பொறியாளர் உலகில் புகழ்பெற்ற இப்பெயர் ஏனோ நம் பட்டறைகள் வரை வந்து சேரவில்லை. அவர் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அது இடையில் வரும்.

சுவிட்சர்லாந்து நாட்டின் வின்டர்தூர் நகரில் 1879ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பியூச்சி பிறந்தார். அந்நகரில் சுல்சர் என்னும் பெரிய இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. அவர் தந்தையார் அதில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். பெரியோர் வரலாறு என்றாலே ஏழைக் குடிசையில் தொடங்கித் தெருவிளக்கில் படித்ததாக எழுதுவது நம் மலர்களில் வழக்கம். பியூச்சிக்கு அந்தப் பெருமை இல்லை. அவர் வசதியான வீட்டுப் பிள்ளை. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் அவரைப் படிக்கும்போது சற்றே பொறாமை கொண்டேன் என்பதை மறைப்பானேன்!

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். பியூச்சி பிறந்த அதே 1879இல், முனிச் நகரில் பொறியியல் படித்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர் டைஃபாய்டு காய்ச்சலில் விழுந்து இறுதித் தேர்வைத் தவறவிட்டார். அடுத்த தேர்வு வரும்வரை சும்மா இருக்க மனமின்றி வின்டர்தூருக்கு வந்து சுல்சர் தொழிற்சாலையில் கைத்தொழில் பழகினார். அவர்தான் ரூடால்ஃப் டீசல். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) ஒருவர் எஞ்சினைப் படைக்கப் போகிறவர், மற்றவர் அதன் ஆற்றலைப் பெருக்கப் போகிறவர். ஒருவர் பட்டறையில் அரம் பிடித்துக்கொண்டிருந்த ஊரில் மற்றவர் தொட்டிலில் கிடந்தார். பிற்காலத்தில் டீசல் எஞ்சின் வெற்றி கண்டபோது, அதைத் தொடக்கத்திலேயே செய்த தொழிற்சாலைகளில் சுல்சரும் ஒன்றாயிற்று. 1898இல் அங்கே முதல் டீசல் எஞ்சின் ஓடியது. அடுத்த ஆண்டு பியூச்சி சூரிச் நகரப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். ஐன்ஸ்டைன் அதே கல்லூரியில் படித்து 1900இல் வெளிவந்தார் என்பது இயற்பியல் மாணவனாகிய எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. இருவரும் படித்த துறைகள் வேறு.

1903இல் பட்டம் பெற்ற பியூச்சி, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். அந்நாட்களில்தான் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்குள் எரிகின்ற எண்ணெயின் வெப்பத்தில் எவ்வளவு நமக்குப் பயன்படுகிறது? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கரைகிறது. மற்றொரு பங்கு கொதிக்கக் கொதிக்கப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. நூறு ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றினால் முப்பது ரூபாய்க்குமேல் புகையாகப் போகிறது என்று பொருள். அந்தப் புகை வெறும் அழுக்கன்று. வெப்பமும் அழுத்தமும் நிறைந்து பாய்ந்து வருகிற ஓர் ஆறு.

ஆற்றை வேலை வாங்குவது நமக்குப் புதிதன்று. பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டு முதல் தாமிரவருணித் தண்ணீர் குழாய்களில் இறங்கி டர்பைன்களைச் சுழற்றி மின்சாரம் தந்து வருகிறது. (நம் குற்றால அருவிக்கு அந்த வேலை இல்லை, அதற்காக அது வீணாகிறது என்று யாரும் எண்ண வேண்டாம். அது சிற்றாறாகி எத்தனையோ குளங்களை நிரப்புகிறது.) தண்ணீருக்குப் பதில் புகையைப் பாயவிட்டு ஒரு சிறு டர்பைனைச் சுழற்ற வேண்டும், அந்தத் தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்து, அதனால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்க வேண்டும், காற்று அதிகமானால் எண்ணெயை அதிகமாக எரிக்கலாம், எஞ்சின் பருக்காமலே ஆற்றல் பெருகும். பியூச்சியின் கருத்து இதுதான். 1905ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது 26. ஐன்ஸ்டைன் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே உலகையே புரட்டிய கட்டுரைகளை எழுதிய ஆண்டும் அதுவே.

கருத்து பிறந்துவிட்டது. வேலை செய்யும் இயந்திரம் பிறக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. இந்த இருபது ஆண்டுகளைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1909இல் பியூச்சி சுல்சர் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1911இல் அங்கே சோதனை நிலையம் அமைந்தது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் ஒரு மாதிரி எஞ்சினும் உருவாயிற்று. ஆனால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. காற்றின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. முதலாளிகள் மனம் ஊன்றவில்லை.

ஏன் தோல்வி? நம் பாடத்திலேயே விடை இருக்கிறது. வெப்பமாறா நிகழ்வு என்று நாம் படிக்கிறோமே, அதைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அழுத்தினால், இழப்பே இல்லாத இயந்திரத்தில்கூட அது 96 டிகிரிக்கு ஏறிவிடும். உலகில் இழப்பில்லாத இயந்திரம் ஏது? நூற்றுக்கு எழுபது பங்கு திறனுள்ள அழுத்தியானால் ஏறத்தாழ 125 டிகிரி. கொதிநீரைவிடச் சூடான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறோம். அதனோடு எண்ணெயும் அதிகம் எரிகிறது. பிஸ்டன் தலையும், புகை வெளியேறும் வால்வும், டர்பைன் இதழ்களும் அந்த அனலைத் தாங்க வேண்டும். அன்றைய உலோகங்கள் இன்றைய உலோகங்கள் அல்ல. மேலும், புகையின் வழியில் ஒரு டர்பைனைக் குறுக்கே நிறுத்தினால் புகை தடைபட்டுத் திரும்பச் சிலிண்டருக்குள்ளேயே முட்டும். பழைய புகை உள்ளே தங்கினால் புதுக்காற்றுக்கு இடமேது? கொடுத்ததைக் கொடுத்த கையே பறித்துக்கொண்ட கதைதான்.

ஆகவே ஆற்றலைக் கூட்டுவது எளிது, கூட்டிய ஆற்றலை எஞ்சின் தாங்கும்படி செய்வதுதான் கடினம். பியூச்சியின் நடுவயது முழுவதும் இந்த இரண்டாவது வேலையில் கழிந்தது.

இதற்கிடையே போர் வேறு சிலரையும் இதே வழிக்குத் தள்ளியது. ஆகாய விமானம் மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. பிரெஞ்சு நாட்டில் ரத்தோ என்பவரும், அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவரும் விமான எஞ்சின்களில் புகை டர்பைனைப் பொருத்த முயன்றனர். 1918இல் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தருகிற அந்த எஞ்சின், மெலிந்த காற்றிலும் டர்போவின் துணையால் 356 தந்தது. யார் முதல்வர் என்ற வழக்கு இன்றும் உண்டு. கருத்தில் முதல்வர் பியூச்சி என்பதில் ஐயமில்லை. விமானத்தில் ஓட்டிக் காட்டியவர்கள் மற்றவர்கள். போர் விமான எஞ்சினை அடிக்கடி கழற்றிப் பூட்டலாம். கப்பல் எஞ்சினும் லாரி எஞ்சினும் அப்படியல்ல; அவை ஆண்டுக்கணக்கில் சோறு போட வேண்டும். பியூச்சி எடுத்துக்கொண்ட வேலை அது.

1924இல் பாடன் நகரத்து பிரவுன் பொவேரி நிறுவனத்தார் முதல் கனரக டர்போவைச் செய்து கொடுத்தனர். அடுத்த ஆண்டு பியூச்சி தம் பெயரில் பெற்ற காப்புரிமையில்தான் வெற்றியின் சூட்சுமம் இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

நான்கு வீச்சு எஞ்சினில், புகையைத் தள்ளும் வீச்சு முடிந்து காற்றை இழுக்கும் வீச்சு தொடங்கும் இடத்தில் ஒரு கணம் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும். அந்தக் கணத்தைப் பியூச்சி நீட்டினார். அப்போது உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வெளியே போகும் புகையின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால், புதுக்காற்று ஒரு முனையில் புகுந்து, மிச்சப் புகையை விளக்குமாறு கொண்டு பெருக்கினாற்போல் பெருக்கிக்கொண்டு மறுமுனையில் வெளியேறும். போகிற போக்கில் பிஸ்டன் தலையையும் புகை வால்வையும் குளிர்வித்துவிட்டுப் போகும். சுட்டுப்போன இடத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குளியல்!

ஆனால் ஒரு சிக்கல். எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒரே குழாயில் கலந்தால், ஒன்று குளிக்கிற நேரத்தில் இன்னொன்றின் புகை வந்து முட்டும். ஆகவே ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களை மட்டும் சேர்த்துத் தனித்தனிக் குழாய்களில் டர்பைனுக்குக் கொண்டுபோனார். ஆறு சிலிண்டர் எஞ்சினில் மூன்று ஒரு குழாய், மூன்று ஒரு குழாய். ஒவ்வொரு புகைத்துடிப்பும் தன் வேகம் குன்றாமல் டர்பைனை அடிக்கும்; இரு துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் தாழும்போது குளியல் நடக்கும். சொல்லும்போது இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. இதற்கு இருபது ஆண்டு.

1926இல் பிராய்சன், ஹன்சாஷ்டட் டான்சிக் என்னும் இரு ஜெர்மன் பயணிக் கப்பல்கள் பியூச்சியின் முறையோடு கடலில் இறங்கின. அவற்றின் பத்துச் சிலிண்டர் எஞ்சின்கள் முன்பு 1,750 குதிரைத்திறன் தரத்தக்கவை. டர்போவுடன் 2,500 தந்தன. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுதல். அதே சிலிண்டர், அதே பிஸ்டன். இரு கப்பல்களும் 1941 ஜூலையில் சுவீடன் கரையருகே கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின. பதினைந்தாண்டு உழைத்த அவற்றை முடித்தது போர்.

அதே 1926இல் பியூச்சியும், பிரவுன் பொவேரியும், வின்டர்தூர் ரயில் எஞ்சின் தொழிற்சாலையும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவினர். ஒருவர் அறிவு, ஒருவர் டர்போ, ஒருவர் சோதனை எஞ்சின் என்று பங்கு. நீராவி டர்பைன் இயலில் உலகப் புகழ்பெற்றிருந்த சூரிச் பேராசிரியர் ஸ்டோடோலா, பியூச்சி முறையில் ஓடிய எஞ்சினைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். பின்னர் கப்பல்கள், மின்நிலையங்கள், ரயில்கள் என்று ஒவ்வொரு துறையாக டர்போ பரவியது. 1938இல் சவுரர் என்னும் சுவிஸ் நிறுவனம் லாரி எஞ்சினில் அதைப் பொருத்தியது.

நம் ஊருக்கும் அது முதலில் ரயிலில்தான் வந்தது எனலாம். 1904இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில், நீராவி எஞ்சின்களுக்குப் பிறகு மலை ஏறியவை ஆறு சிலிண்டர் கொண்ட வொய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள். அவற்றுள் டர்போ உண்டு. 2010இல் அந்தப் பாதை மூடப்பட்டபோது எனக்கு விவரம் தெரியாத வயது. 2018இல் அகலப்பாதையாகத் திறந்த பின்னரே நான் அதில் பயணம் செய்தேன். பழைய எஞ்சின் புளியரை ஏற்றத்தில் எழுப்பும் விசில் கலந்த உறுமலை எங்கள் அப்பா வாயால் ஒலித்துக் காட்டுவார். அந்த விசில் டர்போவின் குரல் என்பதை நான் இப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லும் இடம் வந்துவிட்டது. அவர் 18 ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டினார். சென்ற ஆண்டு கடன் வாங்கிப் பழைய டர்போ டீசல் சரக்கு வண்டி ஒன்றை எடுத்தார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குக் கொண்டுசெல்வது தொழில். விடியுமுன் முதலில் போய்ச் சேரும் வண்டிக்கு இறக்குகூலியும் குறைவு, அடுத்த நடையும் கிடைக்கும். ஏற்றத்தில் எங்கள் வண்டி திணறியது. ஒரு பட்டறைக்காரர், சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் டர்போவின் அழுத்தத்தை ஏற்றி, எண்ணெயையும் கூட்டி, வண்டியைப் பறக்கவைப்பதாகச் சொன்னார். அப்பா என்னைக் கேட்டார். நான் தாவரவியல் படித்திருந்தாலும் என்னைத்தான் கேட்டிருப்பார். கல்லூரிக்குப் போகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டார் நம்பிக்கை. வண்டியின் தவணையும் என் கட்டணமும் ஒரே பையிலிருந்து வருபவை. தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியவில்லை; தெரிந்ததுபோல் சொல்லவும் அச்சமாக இருந்தது. அப்படித்தான் நூலகத்தில் பியூச்சியைச் சந்தித்தேன்.

பியூச்சி 1959ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், தாம் பிறந்த வின்டர்தூரிலேயே, தம் 80ஆம் வயதில் காலமானார். சாதாரண மக்கள் ஓட்டும் காரில் டர்போ வந்ததை அவர் பார்க்கவில்லை. அது வந்தது 1962இல், அமெரிக்காவில். அவ்வாண்டு விற்பனைக்கு வந்த இரண்டில் ஒன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். அதன் கதை பியூச்சியின் கதையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது போன்றது. பெட்ரோல் எஞ்சினில் அழுத்தமும் சூடும் மீறினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். ஆகவே டர்போ வைக்கும்போது எஞ்சினின் சொந்த அழுத்தத்தைக் குறைப்பது வழக்கம். ஜெட்ஃபயர் செய்தவர்கள் அதைக் குறைக்காமல் பத்தேகால் மடங்காகவே வைத்துக்கொண்டு, சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தைத் தனித்தொட்டியிலிருந்து பீய்ச்சினர். தொட்டி நிறைந்திருக்கும்வரை கார் பறந்தது. ஆனால் தொட்டியை நிரப்ப மக்கள் மறந்தனர். முறையீடுகள் குவிந்தன. கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண எஞ்சினாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டில் அந்தக் கார் மறைந்தது. ஓட்டுகிறவரின் ஞாபகசக்தியை நம்பி எஞ்சினின் உயிரை வைக்கக் கூடாது என்று பின்வந்தவர்கள் தெரிந்துகொண்டனர்.

1978இல் சுவீடனின் சாப் நிறுவனம் வெளியிட்ட காரில், அழுத்தம் வரம்பை எட்டியதும் மிகுதிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் புறவழியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு இருந்தது. அந்தக் காரே டர்போவை அன்றாடக் குடும்ப வண்டிக்குக் கொண்டுவந்தது. பந்தயக் கார்களோ வேறு உலகம். 1980களில் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின்கள் 1,000 குதிரைத்திறனைத் தாண்டின. ஆனால் இடம்பிடிக்கும் சுற்றுக்கென்று முறுக்கிவிட்ட எஞ்சின் சில சுற்றுகளோடு முடிந்துவிடும். பந்தயக்காரருக்கு அது போதும்.

நம் ஊர்ப் பட்டறைக்காரர் திருகுவதாகச் சொன்னது அந்த வேஸ்ட்கேட் கதவின் கம்பியைத்தான். ஒரு சுற்றுத் திருகினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும், இழுவை கூடும். இதில் பொய் எதுவுமில்லை. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரில் அளவை மாற்றுகிறார்கள், சாரம் ஒன்றே. செய்தவுடன் வண்டி பறக்கத்தான் செய்யும். பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. எங்கள் தெருவில் ஒருவர் இதே வேலையைச் செய்துகொண்டார். நான்கு மாதம் ஊரே அவர் வண்டியைப் பார்த்து வியந்தது. ஐந்தாம் மாதம் பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்டது. எஞ்சினைக் கழற்றியபோது ஒரு பிஸ்டனின் தலை மெழுகுபோல் உருகிக் குழிவிழுந்திருந்தது. அந்த வண்டியை விற்றுத்தான் கடனில் பாதியை அடைத்தார்.

ஒன்றைக் கூட்டினால் அதைச் சார்ந்த அனைத்தையும் கூட்ட வேண்டும். அழுத்தம் ஏறினால் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பெரிதாக வேண்டும். 125 டிகிரிக் காற்றை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால், அழுத்தத்தைக் கூட்டாமலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்று கூடுதலாகக் கொள்ளும் என்று கணக்கு சொல்கிறது. கூடவே சூடும் தணிகிறது. எண்ணெய் கூடினால் புகையின் வெப்பத்தை அளக்க ஒரு மானி வேண்டும். கறுப்புப் புகை வருவது பலமன்று, காற்றுப் போதாமல் எண்ணெய் வேகாமல் போகிறது என்று பொருள். கிளட்ச் தாங்க வேண்டும், ரேடியேட்டர் தாங்க வேண்டும், பிரேக்கும் தாங்க வேண்டும். பியூச்சியே எஞ்சினின் வால்வு நேரத்தையும் குழாய்களையும் மாற்றிய பிறகுதான் 1,750ஐ 2,500 ஆக்கினார். ஒரு திருகைத் திருகி அன்று. இதுபோக, நிறுவனம் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையில் சிக்கல் வரும் என்பது அப்பாவுக்கு என் இயற்பியலைவிட விரைவாகப் புரிந்தது.

வண்டியின் அமைப்பை மாற்றுவதில்லை, அது பிறந்தபோது தந்த ஆற்றலை முழுவதும் தருகிறதா என்று பார்ப்போம் என்று முடிவு செய்தோம். வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அழுத்திய காற்றில் ஒரு பங்கு வெளியேறிக்கொண்டிருந்தது. இன்டர்கூலரின் இதழ்களுக்கு இடையே சந்தைக் குப்பையும் செம்மண்ணும் அடைத்திருந்தன. காற்று வடிகட்டி கறுத்திருந்தது. குழாயையும் வடிகட்டியையும் மாற்றி, இதழ்களைக் கழுவி, எஞ்சின் ஆயிலையும் மாற்றினோம். பட்டறைக்காரர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் அப்பா மேற்கொண்டார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. ஏற்றம் ஏறிய சூட்டோடு சாவியைத் திருப்பிவிட்டால் எண்ணெய் ஓட்டம் நின்று, தங்கிய எண்ணெய் கருகிக் கட்டியாகிவிடும். ஆகையால் நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். சீசன் நாட்களில் ஐந்தருவி வாகன நிறுத்தத்தில் போய்ப் பாருங்கள். நெடுந்தூரம் விரட்டி வந்த கார்கள் நின்றும் நிற்காமலும் எஞ்சின் அணைகிறது. துண்டோடு இறங்கி ஓடுகிறார்கள். அருவி எங்கே போய்விடப் போகிறது?

ஆரியங்காவு ஏற்றத்தை எங்கள் வண்டி இப்போது ஒரு கியர் கூடுதலாக ஏறுகிறது. பறக்கவில்லை. தெருக்காரரின் வண்டி நின்ற அதே வளைவைத் தினமும் கடந்து புனலூருக்குப் போய் மறுநாள் திரும்பிவிடுகிறது. தவணை இன்னும் 22 மாதம் இருக்கிறது.